சிறைக்குள்ளும் துணையிருந்த இறைவன்: மௌலானா அபுல் கலாம் ஆசாத் (ரஹ்) வாழ்வு தரும் படிப்பினை

 

நமது தில்லை நகர் மருத்துவமனைகள் நிறைந்த பகுதி. பெரம்பலூர், அரியலூர், புதுக்கோட்டை எனப் பல ஊர்களிலிருந்தும் நோயாளிகளை அழைத்துக்கொண்டு மக்கள் நாள்தோறும் இங்கு வருகின்றனர். அவர்களுள் சிலர் தொழுகை நேரத்தில் நம் பள்ளிவாசல்களுக்கு வருவதுண்டு. ஜமாஅத் தொழுகை முடிந்து எல்லோரும் கலைந்து சென்ற பின்னும், எழுந்து போக மனமில்லாமல் ஓரமாக அமர்ந்து, கையேந்தியபடி கண்ணீர் வடிக்கும் அவர்களை நாம் கண்டிருக்கிறோம்.

இன்னொரு துயரத்தையும் நாம் நன்கறிவோம். நம் குடும்பங்களிலிருந்து வளைகுடா நாடுகளுக்குப் பிழைக்கச் சென்றவர்கள் பலர். பெற்ற தாயோ, வாழ்க்கைத் துணையோ வஃபாத்தான செய்தியைத் தொலைபேசியில் கேட்டுவிட்டு, ஜனாஸாவில் கலந்துகொள்ள வழியின்றி, தங்கியிருக்கும் அறையிலேயே தனித்து அழுதவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். பல ஆண்டுகள் கழிந்தும் அந்த வேதனை அவர்களை விட்டு அகலுவதில்லை.

இத்தகைய வேளைகளில் இறைவன் நம்முடன் இருக்கிறான் என்ற நம்பிக்கை மனிதனுக்கு எவ்விதம் அமைதி தரும்? அந்த அமைதி கிடைத்தால் துக்கம் மறைந்துவிடுமா? துக்கம் மறையவில்லையெனில் நம் ஈமானில் குறை இருப்பதாகப் பொருளா? இக்கேள்விகளுக்குத் தம் வாழ்க்கையாலேயே விடை தந்த ஒரு பெருமகனாரை இக்கட்டுரையில் நினைவுகூர விரும்புகிறோம். அவர்தாம் மௌலானா அபுல் கலாம் ஆசாத் (ரஹ்) அவர்கள்.

சுதந்திர இந்தியாவின் முதல் கல்வியமைச்சர் என்றே நம் பிள்ளைகள் அவரைப் பாடநூல்களில் படிக்கின்றனர். 1951ஆம் ஆண்டு நம் திருச்சியில் ஜமால் முகமது கல்லூரி தொடங்கப்பட்டபோது நாட்டின் கல்விப் பொறுப்பை வகித்தவர் அவரே. ஆயினும், பதவிக்கு வருமுன் அவர் கடந்து வந்த இருண்ட நாட்களைப் பலரும் அறியார்.

தேடிப் பெற்ற ஈமான்

மௌலானா அவர்கள் 1888ஆம் ஆண்டு நவம்பர் 11ஆம் நாள் புனித மக்கா நகரில் பிறந்தார்கள். தந்தை மௌலானா கைருத்தீன் அவர்கள் பெரும் மார்க்க அறிஞர். ஏராளமான முரீதுகளைக் கொண்டிருந்தவர். தாயார் அரபு நாட்டு அறிஞர் குடும்பத்தைச் சேர்ந்தவர். மௌலானா அவர்களின் சிறு வயதிலேயே குடும்பம் கல்கத்தாவில் குடியேறியது. அங்கு வந்த பின் தாயாரை இழந்தார்கள். பள்ளிக்கூடம் செல்லாமல், தந்தையிடமும் வீட்டிற்கு வந்து கற்பித்த ஆசிரியர்களிடமும் பயின்று, பதினாறு வயதிற்குள் மதரஸாக் கல்வியை முழுமையாக முடித்தார்கள்.

இத்தகைய குடும்பத்தில் பிறந்தவருக்கு ஈமான் எளிதாகவே வாய்த்திருக்கும் என நாம் எண்ணலாம். உண்மை வேறு. இளமைப் பருவத்தில் பல ஆண்டுகள் ஐயங்கள் அவரை அலைக்கழித்தன. பரம்பரையாகக் கிடைத்த நம்பிக்கைகள் அவருக்குப் போதவில்லை. ஒரே மார்க்கத்தார் ஏன் பல பிரிவுகளாகப் பிரிந்தனர், ஒவ்வொரு சமயமும் தானே மெய்யெனச் சொல்வது ஏன் என்ற கேள்விகள் அவரது உறக்கத்தைக் கெடுத்தன. மரபுத் தளைகளிலிருந்து விடுபட்டவர் என்பதைக் குறிக்கவே ஆசாத் என்ற புனைபெயரைச் சூட்டிக்கொண்டார்கள்.

நெடிய தேடலுக்குப் பின் மீண்டும் இஸ்லாத்தின் நிழலுக்கே வந்து சேர்ந்தார்கள். இம்முறை தந்தையின் சொத்தாக வந்த ஈமானாக அது இருக்கவில்லை. தாமே உழைத்துச் சேர்த்த செல்வமாக இருந்தது. பிற்காலத்துச் சோதனைகளில் அது அவரைக் கைவிடாமல் காத்ததற்கு இதுவும் ஒரு காரணம் எனலாம்.

ராஞ்சியில் தடுப்புக் காவல்

1912ஆம் ஆண்டு ஜூலை மாதம் கல்கத்தாவில் அல்ஹிலால் என்ற உருது வார இதழைத் தொடங்கினார்கள். உறங்கிக் கிடந்த இந்திய முஸ்லிம்களை அது தட்டி எழுப்பியது. ஆங்கில அரசு பிணைத்தொகை கேட்டு நெருக்கியது. 1914இல் இதழ் நின்றது. அடுத்த ஆண்டு அல்பலாக் என்ற இதழைத் தொடங்கினார்கள். 1916ஆம் ஆண்டு அவரை வங்காள மாகாணத்தை விட்டே வெளியேறுமாறு அரசு ஆணையிட்டது. பல மாகாணங்களும் அவருக்குக் கதவடைத்த நிலையில் ராஞ்சிக்குச் சென்றார்கள். அங்கேயே தடுப்புக் காவலில் வைக்கப்பட்டார்கள்.

இதழ் போயிற்று, வருமானம் போயிற்று, நண்பர்களும் தொலைவிலாயினர். அப்போது அவருக்கு வயது இருபத்தெட்டுகூட நிறையவில்லை. இப்படித் தனித்து விடப்பட்ட மனிதர் என்ன செய்தார்? ராஞ்சி ஜாமிஆ பள்ளிவாசலில் ஜும்ஆ உரை நிகழ்த்தத் தொடங்கினார்கள். உள்ளூர் முஸ்லிம்களை ஒன்றுசேர்த்து, 1917இல் அஞ்சுமன் இஸ்லாமியா என்ற அமைப்பையும் மதரஸா இஸ்லாமியா என்ற கல்விக்கூடத்தையும் நிறுவினார்கள். திருக்குர்ஆனின் உருது மொழிபெயர்ப்பிலும் விளக்கவுரையிலும் ஆழ்ந்தார்கள். அரசு அவரைத் தண்டிப்பதற்காகத் தந்த தனிமை, அல்லாஹ்வின் வேதத்துடன் அமர்ந்திருக்கும் வாய்ப்பாக மாறியது.

கந்தஹாரிலிருந்து வந்த ஏழை

ராஞ்சி நாட்களில் நிகழ்ந்த ஒரு நிகழ்ச்சி நெஞ்சை உருக்கும். ஓர் இரவு இஷாத் தொழுகை முடித்துப் பள்ளியிலிருந்து வெளியே வந்த மௌலானா அவர்களை யாரோ ஒருவர் பின்தொடர்ந்து வந்தார். கம்பளி போர்த்திய அம்மனிதர் ஆப்கானிஸ்தானத்துக் கந்தஹார் பகுதியைச் சேர்ந்தவர். அல்ஹிலால் இதழில் மௌலானா எழுதியவற்றைப் படித்து, திருக்குர்ஆனின் சில இடங்களுக்கு அவரிடமே விளக்கம் கேட்க வேண்டும் என்பதற்காக, வழியில் வணிகர்களிடம் கூலிவேலை செய்தும் கால்நடையாக நடந்தும் அவ்வளவு தூரம் வந்திருந்தார்.

சில நாட்கள் தங்கிப் பாடம் கேட்டார். பின்னர் ஒரு நாள் சொல்லாமலே புறப்பட்டுப் போய்விட்டார். விடைபெற்றுச் சென்றால் மௌலானா வழிச்செலவுக்குப் பணம் தந்துவிடுவாரோ, அந்தச் சுமையை அவருக்கு ஏன் தரவேண்டும் என்று எண்ணியே அவர் அவ்வாறு சென்றிருக்கவேண்டும் என மௌலானா உணர்ந்தார்கள். பெயரைக்கூட நினைவில் கொள்ள இயலாத அந்த ஏழைக்கே தம் தர்ஜுமானுல் குர்ஆன் நூலைக் காணிக்கையாக்கினார்கள். அரசர்களுக்கும் செல்வந்தர்களுக்கும் நூல்கள் காணிக்கையாக்கப்பட்ட காலம் அது. காவலில் இருந்தவருக்கு இறைவன் அனுப்பிவைத்த துணையாகவே அந்த மனிதர் வந்து சென்றார் என்று எண்ணத் தோன்றுகிறது.

மீண்டும் மீண்டும் சிதைந்த எழுத்து

ராஞ்சியில் அதிகாரிகள் சோதனையிட்டு அவரது கையெழுத்துப் பிரதிகளை எடுத்துச் சென்றனர். மௌலானா அவர்கள் மனம் தளராமல் மீண்டும் எழுதினார்கள். 1920 ஜனவரியில் விடுதலை கிடைத்தது. 1921 டிசம்பரில் மறுபடியும் கைது செய்யப்பட்டபோது காவலர்கள் வந்து எல்லாத் தாள்களையும் அள்ளிச் சென்றனர். பின்னர் அவை திரும்பக் கிடைத்தபோது, கலைந்தும் சிதைந்தும் பயனற்ற குவியலாகவே இருந்தன.

பல ஆண்டு உழைப்பு கண்முன்னே பாழானதைக் கண்ட எவருக்கும் மனம் உடையும். மௌலானா அவர்களுக்கும் உடைந்தது. சில ஆண்டுகள் அப்பணியின் பக்கம் திரும்பவே அவரால் இயலவில்லை. 1927 வாக்கில் மீண்டும் தொடங்கினார்கள். முதல் பாகத்தின் பணி 1930இல் மீரட் சிறையில் நிறைவுற்றது.

அந்த முதல் பாகத்தில் ஸூரத்துல் ஃபாத்திஹாவுக்கு அவர் எழுதிய விரிவுரை உலகப் புகழ் பெற்றது. ரப் என்ற திருநாமத்தை அதில் அவர் விரிவாக ஆராய்கிறார். ஒரு பொருளுக்கு அதன் ஒவ்வொரு நிலையிலும் எது தேவையோ அதை அளித்து, படிப்படியாக நிறைவுக்குக் கொண்டு செல்பவனே ரப் என்பது அவர் தரும் விளக்கம். தாயின் மடியில் பாலையும், வறண்ட மண்ணுக்கு மழையையும் தருபவன், துன்பத்தில் இருக்கும் மனிதனை மட்டும் மறந்துவிடுவானா? மௌலானா அவர்கள் உணர்ந்த இறையண்மை இத்தகையது. எங்கோ தொலைவில் இருந்து தீர்ப்பு மட்டும் வழங்கும் அதிபதியாக அல்லாஹ்வை அவர் காணவில்லை; ஒவ்வொரு கணமும் உடனிருந்து பேணி வளர்ப்பவனாகக் கண்டார்.

அஹ்மத்நகர் கோட்டை

1942ஆம் ஆண்டு ஆகஸ்ட் 8ஆம் நாள் பம்பாயில், மௌலானா அவர்கள் தலைவராக இருந்த காங்கிரஸ் பேரியக்கம் வெள்ளையனே வெளியேறு தீர்மானத்தை நிறைவேற்றியது. மறுநாள் விடிவதற்குள் தலைவர்கள் அனைவரும் கைது செய்யப்பட்டனர். மௌலானா, பண்டித நேரு, சர்தார் பட்டேல் உள்ளிட்ட பன்னிருவர் மராட்டியத்திலுள்ள அஹ்மத்நகர் கோட்டைக்குக் கொண்டு செல்லப்பட்டனர். தொடக்கத்தில் செய்தித்தாளும் கடிதமும் அவர்களுக்கு மறுக்கப்பட்டன.

அதற்கு முன்பே ஐந்து முறை சிறையும் காவலும் கண்டவர் மௌலானா. தம் வயதில் ஏழில் ஒரு பங்கு அடைபட்டே கழிந்தது என அவரே கணக்கிட்டு, வாரத்தில் ஒரு நாள் ஓய்வு கிடைத்தது போலாயிற்று என்று நகைச்சுவையாக எழுதினார்கள்.

கோட்டையில் அதிகாலை மூன்று மணிக்கும் நான்கு மணிக்கும் இடையே எழுந்துவிடுவார்கள். உலகம் உறங்கும் அந்தத் தஹஜ்ஜுத் வேளையில், தாமே தேநீர் தயாரித்து அருந்தியவாறு எழுத அமர்வார்கள். தம் நண்பர் நவாப் ஹபீபுர் ரஹ்மான் கான் ஷெர்வானி அவர்களை விளித்துக் கடிதங்கள் எழுதினார்கள். அவற்றை அனுப்ப வழியில்லை என்று தெரிந்தே எழுதினார்கள். பின்னாளில், 1946இல், குபாரே காத்திர் என்ற பெயரில் அவை நூலாக வெளிவந்தன. தம் அறையில் கூடு கட்டிய சிட்டுக்குருவிகளை முதலில் விரட்டியதையும், பிறகு தோற்று நட்புக் கொண்டதையும், அவை அச்சமின்றித் தம் கைமீது வந்து அமர்ந்ததையும் அந்நூலில் ஒரு குழந்தையின் மகிழ்ச்சியோடு விவரிக்கிறார்கள்.

அந்தக் கடிதங்களில் ஒன்றில், வாழ்வின் துயரங்களுக்கு ஆறுதல் எங்கே கிடைக்கும் என ஆராய்கிறார்கள். தத்துவம் ஐயத்தின் கதவைத் திறந்துவிடும், ஆனால் அதை மூடும் வழி அதற்குத் தெரியாது. அறிவியல் சான்றுகளைத் தரும், ஆனால் சாய்ந்துகொள்ளத் தோள் தராது. மனிதன் துயரில் சாயும் சுவர் மார்க்கம் ஒன்றே என்பது அவர் கண்ட முடிவின் சாரம். ஐயங்களின் காட்டைக் கடந்து வந்தவர் சொன்னதால் அதற்குத் தனி மதிப்புண்டு. சில மாதங்களிலேயே அந்தச் சுவரில் அவரே சாய நேர்ந்தது.

மனைவியின் பிரிவு

மௌலானா அவர்களின் துணைவியார் ஸுலைகா பேகம் அவர்கள் உறுதிமிக்க பெண்மணி. 1922இல் கணவருக்கு ஓராண்டுக் கடுங்காவல் விதிக்கப்பட்டபோது, எதிர்பார்த்ததைவிடத் தண்டனை குறைவு என்றும், கணவர் விட்டுச் சென்ற பணிகளைத் தாமே கவனித்துக்கொள்வதாகவும் காந்தியடிகளுக்குத் தந்தி அனுப்பியவர்.

1941இல் மௌலானா நைனி சிறையில் இருந்தபோதே அவர் நோயுற்றார். 1942 ஆகஸ்ட் மாதத் தொடக்கத்தில் மௌலானா பம்பாய் புறப்பட்ட நாளில், வாசல்வரை வந்து, இறைவன் காவலில் ஒப்படைக்கும் ஸலாம் சொல் ஒன்றோடு விடைகொடுத்தார். கண்ணீரை அவர் அடக்கிக்கொண்டதை மௌலானா கவனித்தார்கள். அதுவே கடைசிச் சந்திப்பாயிற்று.

1943 மார்ச் மாதம், பேகம் அவர்களின் உடல்நிலை கவலைக்கிடமாக உள்ளதென்ற செய்தி கோட்டைக்கு எட்டியது. அரசுக்கு ஏதேனும் வேண்டுகோள் விடுக்க விரும்பினால் உடனே அனுப்பி வைப்பதாகச் சிறை அதிகாரி முன்வந்தார். தம்மைச் சிறையிட்ட அரசிடம் சலுகை கேட்பதில்லை என்று மௌலானா மறுத்துவிட்டார்கள். உடனிருந்த தலைவர்கள் எடுத்துச் சொல்லியும் அவர் இசையவில்லை.

அன்றாட ஒழுங்கில் எதையும் அவர் மாற்றவில்லை. எழுதும் நேரத்தில் எழுதினார்கள். உணவு வேளையில் எல்லோருடனும் வந்து அமர்ந்தார்கள். நண்பகலில் செய்தித்தாள் வரும்போது நெஞ்சம் படபடக்கும். ஆயினும் பதற்றமின்றியே அதைக் கையில் எடுப்பார்கள். ஏப்ரல் 9ஆம் நாள் பிற்பகல் அந்தத் தந்தி வந்தது. ஸுலைகா பேகம் அவர்கள் கல்கத்தாவில் வஃபாத்தாகிவிட்டார்கள். இன்னாலில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்.

கோட்டை வளாகத்தினுள் யாருடையதென்று தெரியாத பழைய கப்ரு ஒன்று இருந்தது. பலமுறை அதைக் கடந்து சென்றவர்தாம் மௌலானா. அதன் பிறகோ, அக்கப்ரு நெருங்கிய உறவினருடையது போல அவருக்குத் தோன்றிற்று. நெடுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். சில மாதங்களில் போபாலில் இருந்த சகோதரி ஆப்ரூ பேகம் அவர்களின் மரணச் செய்தியும் வந்தது.

ஒளிக்காத உண்மை

பெருமக்களே! இவ்விடத்தில் நாம் சற்று நின்று சிந்திக்க வேண்டும். சிறை அதிகாரியும் உடனிருந்த தலைவர்களும் மௌலானாவின் முகத்தில் கலக்கம் எதையும் காணவில்லை. பெரியவர்கள் துக்கத்தை வென்றவர்கள் என்று எழுதி முடித்துவிட அது போதுமானது. மௌலானா அவர்களோ அவ்வாறு முடிக்கவில்லை. தாம் காட்டிய அமைதியில் ஒரு பகுதி வெறும் வெளித்தோற்றமே என்பதைத் தம் கடிதத்தில் ஒப்புக்கொண்டார்கள். உணவு தொண்டையில் இறங்காமல் சில கவளங்களை வலிந்து உண்டதையும், மனத்தை நிலைநிறுத்த நடத்திய போராட்டத்தில் மனம் தோற்கவில்லையென்றாலும் உடல் உருகிப்போனதையும் மறைக்காமல் எழுதினார்கள். கைதாகும்போது 170 பவுண்டு இருந்த அவரது எடை, கோட்டையிலிருந்து வெளியேறும்போது 130 பவுண்டாகக் குறைந்திருந்தது.

ஸப்ரு என்பதன் உண்மைப் பொருள் இங்கே விளங்குகிறது. இறைவனின் அண்மையை உணர்ந்தவர் கல்லாகிவிடுவதில்லை. நம் உயிரினும் மேலான கண்மணி நாயகம் (ஸல்) அவர்கள் தம் மகன் இப்ராஹீம் மறைந்தபோது கண்ணீர் வடித்தார்கள். கதீஜா நாயகி (ரலி) அவர்களையும் அபூதாலிப் அவர்களையும் இழந்த ஆண்டு துக்க ஆண்டு என்றே வரலாற்றில் பெயர் பெற்றது. யஃகூப் நபி (அலை) அவர்கள் மகனை நினைத்து அழுது கண்பார்வையை இழந்தார்கள். ஆயினும் இறையருளில் அவர்கள் நம்பிக்கை இழக்கவில்லை. எனவே அழுகை ஈமானின் குறைவன்று. அழும்போது யாரிடம் அழுகிறோம் என்பதில்தான் அமைதி அடங்கியிருக்கிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சலுகை கேட்க மறுத்தது, நாட்டின் விடுதலைக்காக அந்நிய ஆட்சியை எதிர்த்து நின்ற ஒரு தலைவரின் தனி முடிவு. அதை எல்லோருக்கும் விதியாகக் கொள்ளலாகாது. நோயுற்ற பெற்றோரையோ மனைவியையோ காண விடுப்புக் கிடைக்கும் வாய்ப்புள்ளவர் தயங்காது கேட்டுப் பெற்று, ஓடிவந்து பக்கத்தில் இருப்பதே கடமையாகும். வழியெல்லாம் அடைபட்ட பின்னும் மனிதனுக்கு ஒரு வாசல் திறந்திருக்கிறது என்பதே மௌலானாவிடம் நாம் கற்க வேண்டியது.

விடுதலை நாளில்

1945ஆம் ஆண்டு அஹ்மத்நகரிலிருந்து வங்காளத்தின் பாங்குரா சிறைக்கு மாற்றப்பட்டு, ஜூன் 15ஆம் நாள் விடுதலையானார்கள். ஹவுரா இரயில் நிலையத்தில் மக்கள் வெள்ளம் மலர்மாலைகளுடன் காத்திருந்தது. ஊர்வலத்தின் நடுவே, மூன்றாண்டுகளுக்கு முன் வாசலில் நின்று வழியனுப்பிய மனைவியின் நினைவு வந்தது. வீட்டிற்குச் செல்லுமுன் வாகனத்தைக் கப்ருஸ்தானுக்குத் திருப்பச் சொன்னார்கள். தமக்குச் சூட்டப்பட வந்த மாலைகளுள் ஒன்றை மனைவியின் கப்ரின் மீது வைத்து, ஓசையின்றி ஃபாத்திஹா ஓதினார்கள். எந்த ஸூராவின் விரிவுரைக்காக அவர் உலகப் புகழ் பெற்றாரோ, அதே ஸூராதான் அந்த நேரத்தில் அவருடைய நாவில் இருந்தது.

சோதனைகள் அத்தோடு முடியவில்லை. தாம் உறுதியாக எதிர்த்த நாட்டுப் பிரிவினை 1947இல் நிகழ்ந்தது. டில்லி முஸ்லிம்கள் உயிருக்கு அஞ்சி வெளியேறிய அந்த அக்டோபர் மாதம், ஜாமிஆ மஸ்ஜிதில் நின்று, ஊரை விட்டு ஓடவேண்டாம் என்று அவர் ஆற்றிய உரை அம்மக்களுக்குத் தெம்பளித்தது. தாமே துயரத்தில் சாய்ந்து நின்ற சுவரைத்தான் அவர்களுக்கும் காட்டினார். 1958 பிப்ரவரி 22ஆம் நாள் இறையடி சேர்ந்து, டில்லி செங்கோட்டைக்கும் ஜாமிஆ மஸ்ஜிதுக்கும் இடையே நல்லடக்கம் செய்யப்பட்டார்கள். 1992இல் பாரத ரத்னா விருது அறிவிக்கப்பட்டது. அவர் பிறந்த நாளாகிய நவம்பர் 11, 2008ஆம் ஆண்டு முதல் தேசியக் கல்வி நாளாகக் கொண்டாடப்படுகிறது.

நம் கடமை

மௌலானா அவர்களின் அமைதி துன்பம் வந்த நாளில் திடீரெனக் கிடைத்ததன்று. இளமையில் செய்த தேடல், ஆண்டுக்கணக்கில் திருக்குர்ஆனோடு இருந்த தொடர்பு, ஒரு நாளும் தவறாத அதிகாலை விழிப்பு ஆகியவை சேர்ந்து அதை உருவாக்கின. நலமாக இருக்கும் நாட்களில் இறைவனோடு பழகியவருக்கே, நலிவுற்ற நாளில் அவனது துணையை உணர்வது எளிதாகும். நாமும் நம் பிள்ளைகளும் அந்தப் பழக்கத்தை இன்றே தொடங்குவோமாக.

அத்துடன், நம் பள்ளிவாசலின் ஓரத்தில் அழுதுகொண்டு அமர்ந்திருக்கும் வெளியூர்ச் சகோதரரைக் கண்டால், கந்தஹாரிலிருந்து வந்த அந்த ஏழை மௌலானாவுக்குத் துணையாக அமைந்ததை நினைவில் கொள்வோம். அவரருகே சென்று ஸலாம் கூறி, நோயாளி யார், எந்த மருத்துவமனை, என்ன தேவை என்று அன்போடு விசாரிப்போம். அல்லாஹ்வின் அருள் பல வேளைகளில் அடியார்களின் வாயிலாகவே வந்து சேர்கிறது.

வல்ல இறைவன் மௌலானா அபுல் கலாம் ஆசாத் அவர்களின் பிழைகளைப் பொறுத்து, அவர்களுக்கும் அவர்தம் துணைவியாருக்கும் சுவனப் பேற்றை வழங்குவானாக! துன்பத்தில் இருக்கும் நம் சகோதர, சகோதரிகள் அனைவருக்கும் தன் அண்மையால் மன அமைதியை அருள்வானாக! ஆமீன்.